முதுசொமும் தேடியதேட்டமும்: மாவோரியரின் தாவோங்காவைச் சேகரித்தல் குறித்து ஒரு மறுப்புரை

தமிழ் ஆய்வுக் கட்டுரைகளில் நியூசிலாந்து என்னும் நாடு இடம்பெறுமாயின் அது பெரும்பாலும் ஒரு மணியின் பொருட்டே இடம்பெறுகின்றது. வில்லியம் கொலென்சோ என்னும் கிறித்தவ மறைப்பணியாளர் 1836ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் வடதீவில் கண்டெடுத்ததாகக் கூறப்படும் உடைந்த வெண்கல மணியே அது. முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்னும் பொருள்பட அதன்மேல் தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. இதனைக்கொண்டு, காப்டன் குக்கிற்கு முன்னரே தமிழர் அத்தீவுகளில் கால்வைத்தனர் என முடிவு கட்டுவோர் உளர். அம்முடிவின் வலிமையைப் பின்னர் ஆராயலாம். அதற்கு முன்பாகக் 'கண்டெடுத்தார்' என்னும் வினைச்சொல்லை ஆராய்தல் வேண்டும். கொலென்சோ அதனை மண்ணிலிருந்து அகழ்ந்தெடுக்கவில்லை. கடற்கரையில் பொறுக்கவும் இல்லை. மாவோரி மக்கள் அதனைப் பாத்திரமாகக் கொண்டு உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தனர். பெருங்காற்றில் சாய்ந்த மரமொன்றின் வேர்களிடையே கிடைத்தது என்று அவர்கள் அதன் வரலாற்றையும் கூறினர். கொலென்சோ ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து மணியை மாற்றிக்கொண்டார். பயன்பாட்டில் இருந்த ஒரு பொருளை, உரியவர் கையிலிருந்து பெற்ற ஒருவரைக் கண்டெடுத்தவர் என்று எழுதும்போது, அதனை வைத்திருந்தவர்கள் வரலாற்றிலிருந்து நீங்கிவிடுகின்றனர். சேகரிப்பாளரின் மொழி இது. அம்மொழியை நாம் ஆராயாமலே ஏற்றுக்கொண்டுள்ளோம் என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

மாவோரியரின் பழம்பொருள்களைக் குறிக்க நம் நூல்கள் 'தொல்பொருள்', 'கலைப்பொருள்', 'பழங்குடிக் கைவினை' ஆகிய சொற்களை ஆளுகின்றன. மாவோரியர் ஆளும் சொல் 'தாவோங்கா' என்பது. இது பொருளை மட்டும் சுட்டும் சொல்லன்று. முன்னோரிடமிருந்து வந்ததும், வருவோர்க்கு வழங்கப்பட வேண்டியதும், அவ்விருவரையும் பிணைப்பதுமாகிய அனைத்தும் தாவோங்காவே. 1840ஆம் ஆண்டு வைத்தாங்கி உடன்படிக்கையின் மாவோரி வடிவம் இரண்டாம் பிரிவில் நிலங்கள், ஊர்கள் ஆகியவற்றோடு அம்மக்களின் தாவோங்கா அனைத்தின்மீதும் அவர்களுக்குள்ள தலைமையை உறுதி செய்கின்றது. ஆங்கில வடிவத்திலோ அச்சொல் நிற்க வேண்டிய இடத்தில் 'பிற சொத்துகள்' என்பதே நிற்கின்றது. இம்மொழிபெயர்ப்பு வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1986இல் வைத்தாங்கித் தீர்ப்பாயம் மாவோரி மொழியே ஒரு தாவோங்கா என்றும், அதனைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்றும் கூறியது. அடுத்த ஆண்டே அம்மொழி ஆட்சிமொழியாயிற்று. மொழியையும் செதுக்குப் பலகையையும் ஒரே சொல்லால் குறிக்கும் மக்களின் உடைமையைத் 'தொல்பொருள்' என்று பெயர்த்தல் எவ்வாறு பொருந்தும்?

தமிழில் இதற்கு நெருங்கிய சொல் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்துத் தேசவழமை, உடைமையை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எனப் பகுத்துக் காண்கின்றது. 1706, 1707ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்துருப் பெற்ற அவ்வழமையில் முதுசொம் என்பது மரபுவழி வந்தது. தேடியதேட்டம் என்பது தன் முயற்சியால் ஈட்டியது. முதுசொம் சட்டவழிச் சொத்துரிமையைச் சுட்டும் அளவிலேயே நிற்பதால் தாவோங்காவின் முழுப்பொருளையும் அது தாங்காது. எனினும் வேறுபாட்டைத் துலக்க இவ்விணை போதுமானது. ஒரு குலத்தின் முதுசொத்தைத் தன் தேடியதேட்டமாக எண்ணிக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருப்பவனையே உலகம் சேகரிப்பாளன் என்று மதிப்போடு அழைக்கின்றது.

பௌனாமு எனப்படும் பச்சைக்கல்லில் செதுக்கிக் கழுத்தில் அணியும் ஹெய் திக்கியை எடுத்துக்கொள்வோம். அஃது ஒருவர் மறைந்தபின் அடுத்தவர்க்குச் செல்வது. இறந்தாரோடு புதைக்கப்பெற்றுப் பின்னர் எடுக்கப்பெற்று மீண்டும் அணியப்படுவதும் உண்டு. அணிந்தோர் வரிசை நீள நீள அதன் 'மானா', அதாவது பெருமையும் ஆற்றலும், வளரும். சிறந்த பச்சைக்கல் படைகளுக்குத் தனித்தனிப் பெயர்களும் உண்டு. பெயரும் அணிந்தோர் வரிசையும் அறுந்தபின் சேகரிப்பாளன் கையில் எஞ்சுவது வேலைப்பாடமைந்த பச்சைக்கல் ஒன்றே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அக்கல்லுக்கு எழுந்த தேவையை நிறைவு செய்ய, ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் நகரத்துக் கல்பட்டறைகள் ஹெய் திக்கிகளைக் கடைந்து தள்ளின. இங்கிலாந்தில் ஜேம்ஸ் எட்வர்ட் லிட்டில் என்பவர் மாவோரிச் செதுக்குகளைப் போலியாகச் செய்து சேகரிப்பாளர்க்கு விற்றார். போலிகளைப் பற்றிச் சேகரிப்பாளர் மிகவும் வருந்துவர். உண்மையை முதலில் உறவுகளிலிருந்து பிரித்துக் கல்லாகவும் மரமாகவும் ஆக்கியவர்கள் தாமே என்பதை அவர்கள் நினைப்பதில்லை. வெறுங்கல்லைப் போலி செய்வது எளிது. பெயர்வழி மரபைப் போலி செய்ய இயலாது.

சேகரிப்பின் உண்மை முகத்தைக் காட்டுவது 'தோய் மோகோ' என்னும் பச்சைகுத்திய தலைகளின் வரலாறு. மாவோரியர் தம் அன்புக்குரியோர் தலைகளைப் பதப்படுத்திக் காத்தனர். அவற்றைக் கண்டு அழுதனர். பகைவர் தலைகளும் பதப்படுத்தப்பட்டன. 1770 சனவரியில் குக்கின் கப்பலில் வந்த ஜோசப் பேங்க்ஸ் இத்தகைய தலையொன்றைப் பழைய உள்ளாடை ஒன்றுக்கு விலைபேசினார். ஆடையைப் பெற்றுக்கொண்ட முதியவர் தலையைத் தரத் தயங்கியபோது துப்பாக்கியைக் காட்டிப் பெற்றார். இதுவே தொடக்கம். பின்னர்த் துப்பாக்கிப் போர்க் காலத்தில் குலங்கள் படைக்கலன் வேண்டித் தலைகளை விற்கும் நிலைக்குத் தள்ளப்பட்டன. அடிமைகளுக்குப் பச்சை குத்தி, விலைக்காகவே கொன்ற கொடுமையும் நிகழ்ந்தது. சேகரித்தல் முன்பே இருந்த பொருள்களைத் திரட்டுவது மட்டுமே என்று நம்புவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்: இங்குச் சேகரிப்பே பொருளை உண்டாக்கியது, மனிதரைக் கொன்று உண்டாக்கியது. 1831இல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் டார்லிங் இவ்வணிகத்தைத் தடைசெய்தார். தடையால் விலை ஏறிற்றேயன்றி ஆசை தணியவில்லை. 1864இல் போர்வீரராக நியூசிலாந்து வந்த ஹொரேஷியோ ராப்ளி பிற்காலத்தில் முப்பதுக்கு மேற்பட்ட தலைகளைத் திரட்டினார். நியூசிலாந்து அரசு அவற்றை வாங்க மறுத்தபின், 1907இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வாங்கியது. அவை தாயகம் திரும்பியது 2014இல். பிரான்சின் ரூவான் நகரம் தன்னிடமிருந்த ஒரு தலையைத் திருப்பித் தர 2007இல் முன்வந்தபோது, அருங்காட்சியகச் சேகரிப்பு பிரிக்கவொண்ணாத அரசுடைமை என்று கூறி அந்நாட்டுப் பண்பாட்டு அமைச்சகம் தடுத்தது. மனிதத் தலையை வழங்க 2010இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 2011இல் அத்தலை ஊர் திரும்பியது.

தலைகள் வேறு, செதுக்குகள் வேறு. மனித உடலின் எச்சங்களைத் திருப்பலாம், மரத்தையும் கல்லையும் எதற்குத் திருப்ப வேண்டும் என்பர் சிலர். இவ்வேறுபாடு ஐரோப்பியருடையது. மாவோரியர் பேரவை இல்லத்தில் நடுத்தூலம் மூதாதையின் முதுகெலும்பு, கைமரங்கள் விலாவெலும்புகள், முகப்புப் பலகைகள் அவர்தம் கைகள். இல்லத்துள் நுழைதல் மூதாதையின் உடலுக்குள் நுழைதலாகும். 1867இல் அரசால் கைப்பற்றப்பட்ட 'தெ ஹௌ கி தூராங்கா' என்னும் இல்லத்தை, ராஹாருஹி ருக்குப்போ தம் மறைந்த அண்ணனின் நினைவாகச் செதுக்குவித்தார். அதை மரப்பலகைகளின் தொகுதி என்று பதிவேட்டில் எழுதுவோர், ரொங்கோவகாத்தா குலத்தார் எதனை இழந்தனர் என்பதை எழுதுவதில்லை.

'நாங்கள் சேகரித்திராவிடின் அனைத்தும் அழிந்திருக்கும்' என்பது மிகுதியும் கேட்கப்படும் வாதம். இதற்குத் தக்க விடையை ஒரு சதுப்பு நிலமே தருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், படையெடுப்புக்கு அஞ்சித் தாராநாக்கி மக்கள் தம் சேமிப்பில்லமொன்றின் ஐந்து செதுக்குப் பலகைகளை மோத்துநூயி அருகே சதுப்பில் புதைத்தனர். காற்றுப்படாச் சேற்றில் மரம் கெடாது என்பது அவர்கள் அறிந்தது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அவை அங்கே பழுதின்றிக் கிடந்தன. 1972இல் வெளிப்பட்டவுடன்தான் அவற்றுக்குக் கேடு வந்தது. 6,000 நியூசிலாந்து டாலருக்கு வணிகர் ஒருவர் வாங்கிச் சட்டத்தை மீறி நாடு கடத்தினார். ஜெனீவாவில் வாழ்ந்த பெருஞ்சேகரிப்பாளர் ஜார்ஜ் ஓர்டிசுக்கு 65,000 அமெரிக்க டாலருக்கு விற்றார். 1978இல் இலண்டனில் ஏலத்துக்கு வந்தபோது நியூசிலாந்து அரசு வழக்குத் தொடுத்தது. இறுதியாக 1983இல் பிரபுக்கள் சபை அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நியூசிலாந்துச் சட்டப்படி, கடத்தப்பட்ட பொருள் உண்மையில் கைப்பற்றப்பட்டால்தான் அரசுடைமை ஆகும். கைப்பற்றுமுன் நாட்டை விட்டு வெளியேறியதால் அரசுக்கு உரிமை இல்லை என்பது அதன் காரணம். அதாவது, திருடன் விரைந்து ஓடினால் பொருள் அவன் வழி வந்தவனுக்கே! பலகைகள் ஓர்டிசு மறைந்தபின், 2014இல், நியூசிலாந்து அரசு 45 இலட்சம் டாலர் கொடுத்த பிறகே மீண்டன.

இவ்விடத்தில் தமிழ் வாசகர்க்கு மற்றொரு வழக்கு நினைவுக்கு வருதல் இயல்பு. தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டு இலண்டன் சென்ற ஆடவல்லான் திருமேனி வழக்கு அது. அதுவும் காப்பதற்காகப் புதைக்கப்பட்டதே. அதுவும் வணிகர் வழி சேகரிப்பாளர் கைக்குச் சென்றதே. ஆயினும் 1991இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருமேனியைத் தமிழகத்துக்கு வழங்கியது. பாழடைந்த கோயிலாயினும் கோயில் சட்டத்தின்முன் ஓர் ஆள், அது தன் உடைமையைக் கோரலாம் என்னும் நம் நாட்டுச் சட்டக் கொள்கையை அந்நீதிமன்றம் ஏற்றது. ஓர்டிசு வழக்கில் கோரியது அரசு. பலகைகளும் அவற்றைப் புதைத்த குலமும் வழக்கின் வெளியே நின்றன. இரு வழக்குகளையும் அருகருகே வைத்து நோக்கின், பொருளுக்கு உரியவர் யார் என்பதை யாருடைய சொற்களால் கேட்கின்றோமோ அதற்கேற்பவே தீர்ப்பு அமைகின்றது என்பது புலனாகும். 2017இல் வாங்கானூயி ஆற்றையே சட்டத்தின்முன் ஓர் ஆளாக நியூசிலாந்து ஏற்றது. பலகைகளுக்கு அவ்வாய்ப்பு இருந்திருப்பின் முடிவு வேறாயிருந்திருக்கலாம்.

'மாவோரியர் தாமாகவே கொடுத்தனர், பரிசாகவே வழங்கினர்' என்று கூறுவோர்க்கு மார்செல் மாசின் புகழ்பெற்ற நூலையே நினைவூட்டலாம். 1925இல் வெளிவந்த அந்நூலின் மையக் கருத்து ஒரு மாவோரி அறிஞர் தந்தது. கொடுத்த பொருளின் 'ஹௌ' கொடுத்தவரிடமே திரும்ப விழைவது என்று தாமாத்தி ரானாப்பிரி எழுதிய விளக்கத்தை எல்ஸ்டன் பெஸ்ட் வெளியிட்டார். மாஸ் அதன்மேல் தம் கோட்பாட்டை எழுப்பினார். உலகப் பல்கலைக்கழகங்கள் அக்கோட்பாட்டைப் பாடமாக நடத்துகின்றன. பாடம் நடத்தும் அப்பல்கலைக்கழகங்களின் அருங்காட்சியகங்களிலேயே திரும்பாத பரிசுகள் அடுக்கப்பட்டுள்ளன.

இனி மணிக்கு வருவோம். எழுத்தமைதி பழமையானது எனச் சுட்டி மணியை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கொள்வோர், புள்ளியின்றி எழுதும் வழக்கம் ஓலையிலும் செப்பிலும் பதினெட்டாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் நிலைத்திருந்ததை மறந்துவிடுகின்றனர். கப்பலுக்குரியவர் பெயர் மணியிலேயே இருக்கின்றது. அவர் ஓர் இசுலாமியத் தமிழர். அவரை விடுத்துச் சோழரையும் பாண்டியரையும் அங்குத் தேடுவது என்ன ஆய்வு முறை? முகையதீன் வக்குசு யார், எத்துறையில் தொழில் செய்தார் என்று மரக்காயர் வணிக வரலாற்றை ஆராய முனைந்தவர் சிலரே. கப்பல்மணி பலர் கைமாறும் பொருள்; அது கிடைத்தமை கப்பல் சென்றமைக்குச் சான்றாகாது. ஆயினும் நம்மவர் அம்மணியில் தமிழரை மட்டுமே கண்டனர். அதனை வேரிடையிலிருந்து எடுத்து, பாத்திரமாக்கிப் பயன்கொண்டு, அதன் கதையையும் காத்த மக்கள் நம் கட்டுரைகளில் 'பூர்வகுடிகள்' என்னும் ஒரு சொல்லில் முடிந்துபோகின்றனர். வெண்கலத்தில் கிழங்கு வேகவைத்தனர் என்பதை அறியாமையின் அடையாளமாகக் காட்டி நகைப்போரும் உண்டு. உடைந்த மணியை இதனினும் நன்றாகப் பயன்படுத்துவது எப்படி என்று அவர்களே கூறட்டும்.

1975இல் இயற்றப்பட்டு 2006இல் திருத்தம் பெற்ற நியூசிலாந்தின் காப்புப் பொருள்கள் சட்டம் 'தாவோங்கா தூத்துரு'வுக்கு இலக்கணம் வகுக்கின்றது. மாவோரியரின் பண்பாட்டோடும் வரலாற்றோடும் வாழ்வோடும் தொடர்புடையதாய், ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்டதாய் இருக்கும் பொருள், அவர்களால் செய்யப்பட்டதாகவோ கொண்டுவரப்பட்டதாகவோ பயன்படுத்தப்பட்டதாகவோ இருத்தல் போதும். 'பயன்படுத்தப்பட்டது' என்னும் சொல்லை ஊன்றி நோக்குக. தமிழ் எழுத்துப் பொறித்த அம்மணி அவ்விலக்கணத்திற்குள் அடங்கத் தக்கது. கொலென்சோ 1899இல் மறைந்தபோது அது வெல்லிங்டன் அருங்காட்சியகத்துக்கு உரியதாயிற்று. இன்று தெ பாப்பாவில் உள்ளது. அதனைத் தாயகத்துக்கு மீட்க வேண்டும் என்று தமிழகத்தில் என்றேனும் குரல் எழுமாயின், கோரிக்கை மனு முதலில் செல்ல வேண்டிய இடம் வெல்லிங்டன் அன்று. இரும்புப் பானையைப் பெற்றுக்கொண்டு மணியைக் கொடுத்தவர்களின் வழிவந்தோர் வடதீவில் இன்றும் வாழ்கின்றனர். அவர்களிடம் கேட்க வேண்டும்.