சீட்டில் எழுதாத பெயர்

தேர்தல் வந்தால் ஜெபம் வருகிறது. ஜெபம் முடிந்தால் சாதி ஜெயிக்கிறது. அதற்குத் தேவ சித்தம் என்று பேர் வைக்கிறார்கள்.

பீளமேட்டில் எங்கள் தெரு சனங்கள் போகும் சபை ஒன்றில் நடந்தது இது. கமிட்டிக்கு ஆள் எடுக்க வேண்டும். என் தாய்மாமன் பெயரை எங்கள் தெருக்காரர்கள் சொன்னார்கள். இருபது வருஷமாக அந்தக் கோயிலைக் கூட்டியவர், மணி அடித்தவர், சாவு விழுந்த வீட்டுக்கு முதல் ஆளாய்ப் போனவர். சனிக்கிழமை ராத்திரி ஒரு பெரிய வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூன்று நிமிஷம் மௌன ஜெபம். கண்ணைத் திறந்தால் பட்டியல் தயார். மாமா பெயர் இல்லை. ஏன் என்று கேட்டேன். ஒரு பெரியவர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: “ஜெபிச்சுப் பார்த்தோம் தம்பி, ஆண்டவர் சித்தமில்ல.”

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: “அதென்ன கண்ணு, சாமி அவிய வூட்டுக்கு மட்டும் ராத்திரில வந்து பேசிட்டுப் போகுது?”

தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

இது பீளமேட்டு வியாதி மட்டுமல்ல. இதற்கு வயது முந்நூறு ஆகப்போகிறது. தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் 1733இல் ஆரோன் என்ற வேளாளருக்குக் குருப்பட்டம் கொடுத்தது. இந்தியாவில் புராட்டஸ்டண்ட் சபையின் முதல் சுதேசி குரு அவர்தான். அடுத்த குரு யார் என்ற பேச்சு வந்தபோது இராஜநாயக்கன் பெயர் இருந்தது. தஞ்சை மன்னரின் படையில் சேவகனாக இருந்தவர், உபதேசியார், தஞ்சைப் பகுதியில் சபைகளைக் கட்டி எழுப்பியவர். ஆனால் பறையர். அவர் கையால் நற்கருணை வாங்கச் சாதிக் கிறித்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் பயந்தார்கள். 1741இல் பட்டம் தியோகுவுக்குப் போயிற்று. இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்து செத்தார். அங்கேயும் ஜெபித்திருப்பார்கள். முழங்காலும் போட்டிருப்பார்கள். அப்பத்தைத் தொடும் கையின் சாதியைப் பார்த்தவர்கள், அதை ஆண்டவரின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

கத்தோலிக்கரில் தேர்தல் கிடையாது, ரோமாபுரியிலிருந்து பரிசுத்த ஆவியே அனுப்பும் என்பார்கள். இந்தியாவின் முதல் கார்டினல் 1953இல் வந்தார். முதல் தலித் கார்டினலாக ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா வந்தது 2022இல். நடுவில் அறுபத்தொன்பது வருஷம். அத்தனை காலம் பரிசுத்த ஆவிக்குச் சேரிக்கு வழி தெரியவில்லையா, வழி சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லையா?

நம்மிடம் வேதத்தைத்தானே காட்டுகிறார்கள்? வேதத்தையே எடுப்போம். யூதாஸின் இடத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. அப்போஸ்தலர்கள் ஜெபித்துச் சீட்டுப் போட்டார்கள். மத்தியா பேருக்குச் சீட்டு விழுந்தது. இதைச் சொல்லித்தான் ‘தேர்தல் மனுஷன் வேலை, சீட்டு தேவன் வேலை’ என்று பிரசங்கம் பண்ணுகிறார்கள். ஒன்றை மறைக்கிறார்கள். ஜெபத்துக்கு முன்னாலேயே இரண்டு பெயரை நிறுத்தியவர்கள் மனிதர்கள். எகிப்தின் காப்டிக் திருச்சபையில் 2012இல் கண்ணைக் கட்டிய ஒரு சிறுவன் சீட்டெடுத்துத்தான் போப் தவாத்ரோஸ் வந்தார். அந்தக் கிண்ணத்தில் போட்ட மூன்று பெயரையும் முன்பே வாக்காளர்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பையனின் கண்ணைக் கட்டலாம். பெயர் எழுதுகிறவன் கண் திறந்துதான் இருக்கிறது. சீட்டில் எழுதாத பெயரை எந்தக் கடவுள் எடுத்துக் கொடுப்பார்?

அதே நடபடிகள் புத்தகத்தில் ஆறாம் அதிகாரத்தை இவர்கள் தேர்தல் நாளில் வாசிப்பதில்லை. கிரேக்கம் பேசும் விதவைகளுக்குச் சாப்பாட்டுப் பங்கில் ஓரவஞ்சனை என்று முறுமுறுப்பு எழுந்தது. ‘ஜெபித்துப் பார்த்தோம், சித்தமில்லை’ என்று அப்போஸ்தலர்கள் சொல்லவில்லை. சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர்கள். முறுமுறுத்த பக்கத்திலிருந்தே ஆள் எடுத்தார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். நம் சபைகளில் முறுமுறுத்தவனுக்கு என்ன கிடைக்கிறது? ‘சபையைப் பிரிக்கிறவன்’ என்ற பட்டம்.

‘ஓட்டு வேண்டாம், ஒருமனமாய் ஜெபித்து எடுப்போம்’ என்கிறார்கள். ஒருமனம் என்றால் யார் மனம்? நாம் வாயை மூடினால் அவர்களுக்கு அது ஒருமனம்.

ஓட்டுப் பெட்டி பரிசுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. தென்னிந்தியத் திருச்சபையின் சினாட் 2023இல் நடத்திய தேர்தல் நீதிமன்றம் ஏறியது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வு பெற்ற நீதிபதிகள் இருவரை நியமித்தது. ஜெபத்தோடு தொடங்கிய தேர்தல்தான் அதுவும். நம்மாள் வந்தால் மட்டும் யோக்கியனா என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன்: யோக்கியனாகவும் இருக்கலாம், அயோக்கியனாகவும் இருக்கலாம், மற்றவர்களைப் போலத்தான். சோதித்துப் பார்க்க முதலில் பெயர் சீட்டில் ஏற வேண்டும்.

இன்னொரு கூத்து. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். நமக்கு இன்னும் இல்லை. ‘எங்கள் சனத்துக்குச் சாதிக் கொடுமை உண்டு’ என்று டெல்லிக்கு மனுப்போடும் திருச்சபைத் தலைவர்கள், கமிட்டி ரூமுக்குள் வந்ததும் ‘கிறிஸ்துவுக்குள் சாதி ஏது?’ என்கிறார்கள். எந்தப் பேச்சை நம்புவது?

நான் ஜெபத்துக்கு விரோதியல்ல. சாமுவேல் ஜெபித்தவர்தான். ராஜாவைத் தேடி ஈசாய் வீட்டுக்குப் போனார். ஈசாய் ஏழு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினான். எட்டாவது பையன் காட்டில் ஆடு மேய்க்கிறான். பெற்ற அப்பனே அவனைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஏழு பேருமில்லை என்றானதும் சாமுவேல் கேட்டார்: பிள்ளைகள் இவ்வளவுதானா? ஒருவன் இருக்கிறான் என்றதும், அவன் வரும்வரை பந்தியில் உட்காரமாட்டோம் என்றார்.

தேவ வழிநடத்துதல் என்றால் இதுதான். பட்டியலை ஒப்புக்கொள்ளாமல் கேட்பது. கேட்டுவிட்டு உட்காராமல் நிற்பது.

அம்மா, சாமி அவிய வீட்டுக்கு வரவில்லை. அவிய எழுதிய சீட்டில் சாமியின் கையெழுத்தை அவியளே போட்டுக்கொண்டார்கள். அடுத்த தேர்தலில் மௌன ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொல்லும்போது நம் சனங்கள் எழுந்து நிற்க வேண்டும். கண்ணைத் திறந்துகொண்டே கேட்க வேண்டும்: “பேரு இவ்வளவுதானா?”