படச்சட்டமும் செப்பேடும்

தூரதேசம் சென்ற மக்களின் உருவத்தைக் கண்ணெதிரே வைத்துக் காண விழைவது பெற்றோர்க்கு இயல்பு. முற்காலத்தில் சுவரில் மாட்டிய புகைப்படமும் தபாலில் வந்த கடிதமும் அவ்விருப்பத்தை ஒருவாறு நிறைவேற்றின. இக்காலத்தில் டிஜிட்டல் படச்சட்டம் என்னும் கருவி அவ்விடத்தைப் பெற்று வருகின்றது. சிங்கப்பூரிலிருக்கும் மகன் தன் கைபேசியில் எடுத்த படத்தை அனுப்புவானாயின், அஃது இணையத்தின் வழியே வந்து, திருவாலங்காட்டில் தந்தையார் வீட்டு மேசைமேலுள்ள சட்டத்திலே தோன்றும். முதியோர் ஒரு பொத்தானையும் அழுத்த வேண்டுவதில்லை. இதனினும் இனிய பரிசு அவர்களுக்கு வேறு யாதுளது?

ஆயின், இப்பரிசினிடத்து வெளிக்குத் தோன்றாததொரு குறையுண்டு. இணைப்பு அற்றவுடன் கருவி இருண்டுவிடுவதில்லை. முன்னரே வந்து தன்னுள் தங்கிய படங்களையே பல சட்டங்கள் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருக்கும். ஆதலின் பழுது நேர்ந்தமை வீட்டாருக்குப் பல மாதம் வரை புலப்படாமற் போதலும் கூடும். அங்கே பேரக்குழந்தை பள்ளிக்குச் செல்லத் தொடங்கியிருக்கும். இங்கே சட்டத்தினுள் அது தவழ்ந்துகொண்டேயிருக்கும். மகனோ, தான் அனுப்பியவற்றைக் கண்டும் தந்தையார் ஒரு சொல்லும் சொல்லவில்லையே என்று வருந்துவான். தந்தையாரோ, படம் அனுப்பவும் அவனுக்கு நேரமில்லை போலும் என்றெண்ணி வாய்திறவாதிருப்பார். கம்பியில்லா இணைப்பிலே உண்டான சிறு பழுது, இருவர் மனத்திலும் பெரும் பிளவாக வளரும். எனவே, சட்டத்தை வாங்கி அளித்தவனுடைய கடமை அளித்தவளவில் முடிவதன்று. அதன் இணைப்பைக் காத்தலும் அவன் கடமையே என்பது எமது துணிபு.

இது கடைக்காரர் செய்யவேண்டிய வேலையன்றோ எனச் சிலர் வினவலாம். கடைக்குக் கொண்டு சென்றால் கருவி அவ்விடத்தில் நன்றாகவே இயங்கக்கூடும். ஏனெனில், பழுது பலமுறை கருவியினிடத்து இல்லை, வீட்டிலுள்ள இணைப்பிலேயே உளது. அதனை ஆராயப் பெரும் புலமை வேண்டுவதில்லை. ஒழுங்கான முறையொன்றே போதும்.

முதலாவது, சட்டம் இருக்கும் அதே இடத்தில், அதே வைஃபையில் ஒரு கைபேசியை இணைத்துப் பார்க்க வேண்டும். கைபேசிக்கும் இணையம் கிட்டாவிடின், குறை ரவுட்டரிலோ இணையம் வழங்குவோரிடத்தோ உளது. கைபேசிக்குக் கிட்டிச் சட்டத்திற்கு மட்டும் கிட்டாவிடின், இரண்டினையும் அணைத்து, அரை நிமிஷம் பொறுத்து, முதலில் ரவுட்டரையும் பின்னர்ச் சட்டத்தையும் இயக்குக. அதனாலும் சீர்படாவிடின் அலைவரிசையை நோக்குக. படச்சட்டங்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே ஏற்பன. இக்காலத்து ரவுட்டர்களோ 5 கிகாஹெர்ட்ஸ் அலையையும் உடன் பரப்புகின்றன. அது விரைவுடையதாயினும், தடித்த சுவர்களை ஊடுருவுவதில் வலி குன்றியது. ஆகவே, 2.4 அலைக்குத் தனிப்பெயர் அமைத்து, அதனோடு சட்டத்தை இணைத்தல் நலம். பழைய சட்டங்கள் சில, டபிள்யூபிஏ 3 என்னும் புதிய பாதுகாப்பு முறையை அறியாதன. அவற்றின்பொருட்டு டபிள்யூபிஏ 2 முறையையும் ரவுட்டரில் அனுமதித்தல் வேண்டும். சட்டத்தில் தேதியும் நேரமும் தவறாயிருப்பினும் தொலைவிலுள்ள சர்வர் அதனோடு உறவாட மறுக்கக்கூடும். புதிய ரவுட்டர் வாங்குவோர், பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையுமே அதற்கும் இட்டுவிடின், பெரும்பாலும் சட்டம் தானே இணைந்துகொள்ளும். உள்நுழைவுப் பக்கமொன்றைத் திறந்து பெயர் பதிந்த பின்னரே இணையம் தரும் விடுதிகளிற் சட்டத்தை வைத்தல் பயனின்று. அப்பக்கத்தைத் திறக்கும் வசதி பல சட்டங்களுக்கு இல்லை.

இவையெல்லாம் வீட்டினுள்ளே தீர்க்கத்தக்கன. நம் கைக்கு எட்டாத குறையும் ஒன்றுண்டு. படம் அனுப்புவோனிடமிருந்து நேரே சட்டத்திற்கு வருவதில்லை. இடையிலுள்ள ஒரு நிறுவனத்தின் சர்வருக்குச் சென்று, அங்கிருந்தே வருகின்றது. பல சட்டங்களுக்குப் படங்களை வழங்கி வந்த ஃப்ரேம்சேனல் என்னும் சேவை 2011-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. கருவியும் வைஃபையும் பழுதற்றிருந்தும், அவ்வழியே படம் வருதல் ஒழிந்தது. 2025-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் தேதி முதல் கூகுள் ஃபோட்டோஸ் தன் விதிகளை மாற்றி, பிற செயலிகள் ஒருவருடைய படத்தொகுதி முழுவதையும் தாமே எடுத்துக்கொள்வதை நிறுத்திற்று. இத்தகைய குறையை ரவுட்டரை எத்துணை முறை அணைத்து இயக்கினும் நீக்கல் இயலாது. பிறர் சர்வரை நம்பி நிற்கும் படம் நமக்கு இரவலேயன்றி உடைமையன்று.

உடைமை இன்னதென்பதைத் திருவாலங்காடே நமக்குக் காட்டும். முதலாம் இராசேந்திர சோழன் பழையனூரை இவ்வூர்க் கோயிலுக்கு அளித்த செய்தி, 11-ஆம் நூற்றாண்டில் 31 செப்பேடுகளிற் பொறிக்கப்பெற்றது. அவை 1905-ஆம் ஆண்டிற் கிடைத்தபோது, எவர்தம் அனுமதியும் வேண்டாமல் அறிஞர் எடுத்துப் படித்தனர். இடையில் எண்ணூறு ஆண்டுகட்கு மேல் கழிந்திருந்தும், ஏட்டிலுள்ள எழுத்து வேறெவரையும் சார்ந்திருக்கவில்லை. குடும்பப் படங்களைச் செம்பிற் பொறிக்க வேண்டுமென்று யாம் கூறவில்லை. மெமரி கார்டு ஏற்கும் சட்டமாகத் தேர்ந்து, சிறந்த படங்களை அக்கார்டில் பதிந்து கொடுத்தல் எளிது. இணைப்பு அற்ற காலத்தும், சேவை நின்ற காலத்தும் அவை எஞ்சும். ஆண்டுக்குப் பத்துப் படங்களைத் தாளில் அச்சிட்டு வைத்தலும் பெருஞ்செலவன்று.

வெளிநாடு சென்ற பழைய மாணவர்கட்கு ஒரு சொல். வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் பெரிய எழுத்தில் எழுதி, பெற்றோர் அலமாரியில் வைக்கும் கணக்குப் புத்தகத்தில் சேர்த்திடுக. மாதத்தில் ஒரு நாள், “கடைசியாக வந்த படம் எது, அப்பா?” என்று தொலைபேசியிற் கேட்டிடுக. எந்தக் கருவியும் அறிவிக்காத பழுதை அவ்வொரு கேள்வி அறிவித்துவிடும். இப்போது பயிலும் மாணவர்க்கும் ஒன்று சொல்வோம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, உங்கள் தெருவில் இத்தகைய சட்டம் இருக்கும் முதியோர் வீட்டில் அரைமணி நேரம் அமர்ந்து அதனைச் சோதித்துக் கொடுங்கள். கற்ற கல்விக்கு அத்தெருவிலேயே ஒரு பயன் காத்திருக்கின்றது.