ஜாஸுக்கு ஒரு நீதி, தப்புக்கு ஒரு நீதியா?

நமது கோலா கங்சாரில் 1877-ல் ரப்பர்க் கன்று நட்டதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அம்மரத்தை நம்பிக் கப்பலேறியோர் கையோடு கொணர்ந்த தப்பைப்பற்றிச் சொல்வாரைக் காணோம்.

மேனாட்டுக் கல்லூரி ஜாஸ் குழுவொன்று கச்சேரி யாத்திரை வருகிறதெனில், நம்மில் ஆங்கிலம் கற்றோர் முன்வரிசைக்கு முந்துவர். முந்தட்டும். ஆனால் அச்சங்கீதம் யாருடையது? அடிமைகளாய் விற்கப்பட்ட நீக்ரோ மக்களின் சந்ததியாருடையதன்றோ? தென் கரோலினாவின் 1740-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகள் முரசு வைத்திருப்பதையே தடுத்தது. 1947-ல் வட டெக்ஸாஸ் கலாசாலை ஜாஸுக்குப் பட்டப்படிப்பு வைத்தபோதும், அப்பெயரைச் சொல்ல நாணி 'நடன பாண்டு' என்றே எழுதிற்று. அக்கலாசாலையின் குழுவே 1976-ல் சோவியத் நாட்டில் கச்சேரி செய்து மீண்டது!

ஜாஸை வளர்த்தோர் பிறர் மதிக்குமட்டும் காத்திருக்கவில்லை, வாசித்தார்கள். பின்னரே உலகம் வணங்கிற்று.

நமது சமூகமோ தப்பைச் சாவு வீட்டு வாசலில் நிறுத்தி, அடிப்பவரை ஈனரென்றது. கடல் கடந்தால் ஜாதி போய்விடும் என்றனர். அது நமக்கு முன்னே கப்பலிறங்கிற்று. செக்ரோல் எழுதும் கிராணிகளாகிய நாம் பதிவது பெயரும் நாளும் கூலியுமே; ஜாதிக்கு அங்கே பத்தியில்லை. கலைக்கு மட்டும் எதற்கு?

முரட்டு வாத்தியம் என்பீரேல், கூத்துக்கொன்று, சாமிக்கொன்று, சாவுக்கொன்றென வகுத்த அடிகளை ஒருநாள் அடித்துப் பாருங்கள், விரல் சொல்லும்.

தோழர்களே! தமிழ்ப்பள்ளி மேடையில் தப்பு முழங்கட்டும். கற்பிப்பவருக்கு ஆசிரியரென்ற பெயரும் ஊதியமும் கொடுங்கள். நம் பிள்ளைகளின் தப்புக் குழு தைப்பிங்குக்கும் ஈப்போவுக்கும் யாத்திரை போகட்டும். அன்றும் முன்வரிசைக்கு முந்துங்கள். அப்போதுதான் நீங்கள் ஜாஸ் கேட்டதற்கும் அர்த்தமுண்டு.