பிரேக் இல்லாத பைக்கில் முப்பது ஆண்டுகள்

1982இல் லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம் மைதானத்தில் ஸ்பீட்வே உலகப் பட்டத்தை இரண்டாம் முறையாக வென்ற புரூஸ் பென்ஹால், பரிசு மேடையிலேயே ஓய்வை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 25. அங்கிருந்து நேராகத் தொலைக்காட்சிக்குப் போய், ‘சிப்ஸ்’ தொடரில் நடிக்கத் தொடங்கினார். அதே தெற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து, அவர் ஓட்டிய அதே கிராட்லி ஹீத் அணிக்கு 1989இல் இங்கிலாந்து வந்து சேர்ந்தவர் கிரெக் ஹான்காக். இவருக்கு 1997இல் முதல் பட்டம் கிடைத்தது. இரண்டாவது பட்டத்துக்கு 14 ஆண்டுகள் ஆயின. 2011இல் அதை வென்றபோது வயது 41. பிறகு 2014இல் ஒன்று, 2016இல் இன்னொன்று. கடைசிப் பட்டத்தின்போது 46. 2020 தொடக்கத்தில் ஓய்வை அறிவித்தபோது ஐம்பதைத் தொட்டுவிட்டார் என்றே சொல்லலாம்.

ஒருவர் பாதியில் போனார், இன்னொருவர் உறுதியோடு நின்று சாதித்தார் என்று இதைக் கதையாக்குவது சுலபம். விளையாட்டுப் பக்கங்களில் நெடுங்கால வீரர்களைப் பற்றி வருவதெல்லாம் இந்தப் பாட்டுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஹான்காக்கின் உழைப்பு பெரியது, மறுக்கவில்லை. ஆனால், வயதானவர் தாக்குப்பிடிக்க வாய்ப்பாகவே ஸ்பீட்வே அமைந்திருக்கிறது. அந்த வாய்ப்பு யாருக்குக் கடைசிவரை கிடைக்கிறது என்பதில் மனவுறுதியைவிட அதிர்ஷ்டத்துக்கே பங்கு அதிகம்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: முட்டை வடிவ மண் தடம், நான்கு பேர், நான்கு சுற்று. 500 சிசி பைக், எரிபொருள் மெத்தனால், ஒரே கியர். பிரேக் கிடையாது. வளைவில் பின்சக்கரத்தை வெளிப்பக்கம் வழுக்கவிட்டு, இரும்புத் தகடு கட்டிய இடதுகாலைத் தரையில் ஊன்றித் திருப்ப வேண்டும். முதல் மூவருக்கு 3, 2, 1 என்று புள்ளிகள். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இந்த ஒரு நிமிடம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தொண்ணூறு நிமிடம் ஓட வேண்டிய கால்பந்து வீரருக்கு 35 வயதில் நுரையீரல் கணக்குக் கேட்கும். ஸ்பீட்வே வீரர் ஒரு மாலையில் ஐந்தாறு நிமிடம் ஓட்டுகிறார். இடையில் உட்கார்ந்து யோசிக்க நேரமிருக்கிறது. யோசிப்பதற்கும் நிறைய உண்டு. ஒவ்வொரு பந்தயத்திலும் தளர்ந்த மண் வெளிவிளிம்பை நோக்கி வாரியிறைக்கப்படும். உள்தடம் வழுவழுப்பாகும், வெளியே பிடிப்பு கூடும். நடுவே டிராக்டர் வந்து தடத்தைச் சீவும், தண்ணீர் தெளிப்பார்கள். எல்லாம் மறுபடி மாறும். எந்தப் பல்சக்கரம் போடுவது, எந்தத் தொடக்க வாயிலைத் தேர்ந்தெடுப்பது, முதல் வளைவில் எவ்வளவு அகலமாகப் போவது என்பதெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கே பிடிபடும். முதல் வளைவில் முந்தியவரைப் பிறகு பிடிப்பது கடினம். ஆகவே பாதிப் பந்தயம் தொடக்க நாடா உயரும் நொடியிலேயே, கிளட்சை விடும் விரல்களில் முடிந்துவிடுகிறது. அந்த விரல்களுக்கு நாற்பது வயது பெரிய வயதல்ல.

நியூசிலாந்தின் ஐவன் மாகர் இதற்குச் சரியான சாட்சி. 1957இல் பதின்ம வயதில் லண்டனின் விம்பிள்டன் அணிக்கு வந்தார், எடுபடவில்லை, ஊர் திரும்பினார். 1963இல் நியூகாசில் அணி வழியாக மறுபடி வந்தார். 1968, 1969, 1970 என்று தொடர்ந்து மூன்று உலகப் பட்டங்கள். வென்ற பைக்குக்கு அமெரிக்க ரசிகர்கள் தங்க முலாமே பூசிக் கொடுத்தார்கள் (அந்தக் காலத்து ரசிகர்கள் அப்படி!). 1972இல் நான்காவது பட்டம். 1973இல் போலந்தின் ஹோஷூவ் நகர மைதானத்தில் நடந்த இறுதியில் உள்ளூர்க்காரர் யெஷி ஷ்சாகியெலுடன் புள்ளிகள் சமமாகி, பட்டத்தை முடிவுசெய்யும் தனிப் பந்தயத்தில் கீழே விழுந்து தோற்றார். 1977இல் ஐந்தாவது பட்டம். 1979 செப்டம்பரில், அதே ஹோஷூவ் மைதானத்தில், நாற்பது வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில், ஆறாவது பட்டம். மாகர் வேகத்தால் வென்றவர் என்று அவரைப் பார்த்தவர்கள் சொல்வதில்லை. புறப்பாடு, தயாரிப்பு, எதையும் தற்செயலுக்கு விடாத சுபாவம் என்பதைத்தான் சொல்வார்கள்.

மாகர் காலத்தில் உலகப் பட்டம் ஒரே இரவில் முடிவாகும். ஐந்து முறை களமிறங்க வேண்டும். ஒரு முறை சங்கிலி அறுந்தாலும் அந்த ஆண்டு போனதுதான். 1995இல் கிராண்ட் பிரீ முறை வந்தது. பல நகரங்களில், பல மாதங்கள், புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரே இரவில் அனலாகப் பறக்கும் இளைஞனைவிட, ஒவ்வொரு நகரத்திலும் தவறாமல் புள்ளி சேர்க்கும் நடுவயதுக்காரருக்கு வசதியான முறை இது. ஹான்காக்கின் பின்பாதிப் பட்டங்களை இதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

ஆனால் உலகப் பட்டக்காரர்கள் சிலரே. ஐம்பதை நெருங்கியும் லீக் ஆட்டங்களில் ஓட்டிக்கொண்டிருந்த, பெயர் வெளியே தெரியாத பலரை வாழவைத்தது பிரிட்டிஷ் லீக்கின் ஒரு கணக்கு. ஒவ்வொரு வீரருக்கும் அவர் எடுக்கும் புள்ளிகளைக் கொண்டு ஒரு சராசரி உண்டு. பருவத் தொடக்கத்தில் அணியைக் கட்டும்போது எல்லாருடைய சராசரியையும் கூட்டினால் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டக் கூடாது. பணக்கார அணி ஒன்றே எல்லா நட்சத்திரங்களையும் அள்ளிவிடாமல் தடுக்கத்தான் இந்த விதி. அதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. ஒருவர் 38 வயதில் சரியத் தொடங்கி, சராசரி பத்திலிருந்து ஏழுக்கு வந்தால், வேறு விளையாட்டில் அவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். இங்கே அவர் வரம்புக்குள் அடங்கும் நல்ல சரக்காகிவிடுகிறார். பத்து என்ற கணக்கில் அணிக்குள் நுழைய முடியாதவர், ஏழில் நுழைகிறார், அனுபவம் இலவசம். இன்னும் சரிந்தால் கீழ்நிலை லீக் இருக்கிறது. சரிவுக்கே மதிப்புத் தரும் வேறொரு தொழில்முறை விளையாட்டு எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பணமும் மூத்தவர் பக்கம்தான். பைக், எஞ்சின், மெக்கானிக், வேன் எல்லாம் வீரரின் சொந்தச் செலவு. சம்பளம் பெரும்பாலும் எடுக்கும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். ஒரே வாரத்தில் போலந்து, ஸ்வீடன், பிரிட்டன் என்று வெவ்வேறு அணிகளுக்கு ஓட்டுகிறார்கள். நல்ல எஞ்சின் சீரமைப்பாளரிடம் முன்வரிசையில் இடம் பிடிக்கவே வருடங்கள் ஆகும். இருபது வயதுப் பையனிடம் தைரியம் இருக்கும், எஞ்சின் இருக்காது.

இவ்வளவு சாதகங்களுக்கும் முன்னால் ஒரு நிபந்தனை நிற்கிறது: உடம்பு முழுசாக இருக்க வேண்டும். மூன்று முறை உலக சாம்பியனான டென்மார்க்கின் எரிக் குண்டர்சன் 1989இல் பிராட்ஃபோர்டில் விழுந்தபோது வயது 29. அதன்பின் அவர் பந்தயத்தில் ஓட்டவில்லை. 1990இன் சாம்பியன் பெர் யோன்சன் 1994இல் விழுந்து நடக்க முடியாதவரானார். லீ ரிச்சர்ட்சன் 2012இல் விராட்ஸ்வாஃபில் 33 வயதில் இறந்தார். ஆஸ்திரேலியாவின் டார்சி வார்டுக்கு 2015இல் தண்டுவடம் முறிந்தபோது வயது 23. இவர்களில் யாருக்கு மனவுறுதி குறைவு? டோமாஷ் கோலோப் எண்பதுகளின் கடைசியில் தொடங்கி 39 வயதில், 2010இல், உலக சாம்பியனானவர்; ஸ்பீட்வே தடம் அவரை விட்டுவைத்தது. 2017இல் ஒரு மோட்டோகிராஸ் விபத்து அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது. 25 வயதில் மேடையிலிருந்து இறங்கிப் போன பென்ஹாலை அவசரக்காரர் என்று சொல்ல இதற்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் பிரிட்டிஷ் ஸ்பீட்வேயின் ஒரு பழைய வழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. லீக்கில் பத்து ஆண்டுகள் ஓட்டியவருக்கு ஒரு பாராட்டுப் போட்டி நடத்துவார்கள். நண்பர்கள் வந்து ஓட்டுவார்கள், வசூல் அவருக்கு. ஓய்வூதியம் இல்லாத தொழிலில் இது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் இதன் அளவுகோல் ஆண்டுகள். எட்டாம் ஆண்டில் முதுகெலும்பு முறிந்தவருக்கு நலநிதி உதவும். மைதான வாசலில் வாளி ஏந்திச் சில்லறையும் திரட்டுவார்கள். பத்தாண்டு கடந்தவருக்குக் கௌரவம், கடக்க முடியாதவருக்கு இரக்கம் என்று பிரிவது எனக்கு உறுத்துகிறது. இருவரும் ஒரே தடத்தில், ஒரே பிரேக் இல்லாத பைக்கில்தான் ஓட்டினார்கள். காயத்தால் ஓய்வுபெறும் எவருக்கும், ஓட்டிய ஆண்டுகளை எண்ணாமல், பாராட்டுப் போட்டி உரிமையாகக் கிடைக்க வேண்டும். நெடுங்கால வீரர்களே இதைக் கேட்டு முன்னால் நின்றால் அமைப்பாளர்களால் மறுக்க முடியாது. கூட்டம் அவர்களுக்காகத்தான் டிக்கெட் வாங்குகிறது.

– கட்டுரையாளர், மோட்டார் பந்தயங்கள் குறித்து எழுதிவருபவர்.