பழைய சாரன் ஒன்றில் ஐம்பது துண்டு



கைக்குழந்தை இருக்கும் வீட்டில் காசு எப்படிக் கரைகிறது என்று தாய்மாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பால்மா, பம்பர்ஸ், கிளினிக் போய்வர ஓட்டோக் கூலி என்ற வரிசையில் சத்தமில்லாமல் வந்து சேர்ந்துகொண்டதுதான் 'பேபி வைப்ஸ்' என்ற ஈரத்தாள். பிறந்து சில வாரமே ஆன பிள்ளைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 தடவை துணி மாற்ற நேரிடும். தடவைக்கு 2 தாள் என்றாலும் நாளைக்கு 20 தாள். 80 தாள் உள்ள பக்கெட் நான்கே நாளில் முடிந்துவிடும்; மாதத்துக்கு ஏழு பக்கெட்டுக்கு மேல்! நீங்கள் வாங்கும் கடை விலையால் பெருக்கிப் பாருங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம் வரை போனது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. சாமான் பட்டியலில் எதை வெட்டலாம் என்று பார்க்கும் பழக்கம் அன்றிலிருந்து நம்மோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஈரத்தாளை வீட்டிலேயே செய்துகொள்ள ஒரு செய்முறை கைமாறி வருகிறது. குசினியில் பாவிக்கும் கடதாசிச் சுருளை வெட்டி, பேபி ஒயிலும் ஷாம்பூவும் கலந்த தண்ணீரை ஊற்றி, மூடிய டப்பாவில் வைத்து வாரக்கணக்கில் பாவிப்பது. மலிவுதான். ஆனாலும் நான் இதை எந்தத் தாய்க்கும் சிபாரிசு செய்யமாட்டேன். கடைத் தாள் மாதக்கணக்கில் கெடாமலிருப்பது, கிருமி வளராமல் தடுக்க அதில் சேர்க்கும் இரசாயனத்தால். நம் டப்பாவில் அது இல்லை. கண்டி மழைக்காலத்தில் மேசையில் வைத்த பாண் எத்தனை நாள் தாங்கும்? மூடிய ஈர டப்பாவும் அப்படித்தான். பூஞ்சணம் கண்ணில் படும் முன்பே கிருமி பெருகிவிடும். பிள்ளையின் மிருதுவான தோலில் தேய்ப்பது அதைத்தான்.

அந்த இரசாயனத்திலும் ஒரு சங்கதி உண்டு. மெதில்ஐசோதயசோலினோன் என்ற ஒன்று சில ஈரத்தாள்களில் சேர்க்கப்பட்டு வந்தது. அதனால் தோல் அழற்சி வந்த 6 பிள்ளைகளைப் பற்றி 2014இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ சஞ்சிகையொன்றில் எழுதினார்கள். கழுவாமல் தோலிலேயே விடும் பூச்சுகளில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை போட்டது. எல்லா வைப்ஸும் கெடுதல் என்று இதற்கு அர்த்தமல்ல. இங்கிலாந்தில் மென்செஸ்டரில் 280 பச்சிளம் பிள்ளைகளை வைத்துச் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வகை ஈரத்தாளும் பஞ்சும் தண்ணீரும் தோலின் ஈரப்பதத்தைப் பொறுத்தவரை சமம் என்றே கண்டார்கள். சமம் என்றால், காசு கொடுத்து வாங்குவானேன்?

ஆகவே துணியைக் காய்ந்தபடி வையுங்கள்; தண்ணீரைத் தனியே வையுங்கள்; வேண்டிய வேளைக்கு நனைத்துக்கொள்ளுங்கள். செய்முறை இவ்வளவுதான்.

துணிக்கு, பல தடவை துவைத்துப் பஞ்சு போலான பழைய பருத்திச் சாரனை விடச் சிறந்தது இல்லை. 2 மீற்றர் சுற்றும் 1 மீற்றருக்குச் சற்றுக் கூடிய உயரமும் உள்ள சாரனில் 20 சென்ரிமீற்றர்ச் சதுரமாக 50 துண்டு தேறும். இரண்டு சாரன் இருந்தால் மழை நாளுக்கும் தாங்கும். பருத்திதானா என்று அறிய ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். கடதாசி எரியும் மணத்தோடு சாம்பலானால் பருத்தி. உருகி மணிபோல் இறுகினால் நைலக்ஸ் வகை. அது தண்ணீரை உறிஞ்சாது, வேண்டாம். ஓரத்தை மடித்துத் தைக்கச் சோம்பல்படாதீர்கள். பிரிந்த நூல் பிள்ளையின் கால்விரலில் சுற்றி இறுகிவிட்டால் இரத்த ஓட்டமே நின்றுவிடும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். காலைக் குளிருக்குப் பிளாஸ்கிலுள்ள சுடுதண்ணீரோடு ஆறிய தண்ணீரைக் கலந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பார்த்த பிறகே துணியை நனையுங்கள். பன்னீர், அத்தர், கிருமிநாசினி எதுவும் அதில் சேர்க்க வேண்டாம். பிறந்த முதல் இரண்டு மூன்று நாள் போகும் கறுப்பு மலம் தார் போல ஒட்டும். அதற்கு மட்டும் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் இலேசாய் வரும். பெண்பிள்ளைக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும். மாறினால் சிறுநீர்ப் பாதையில் கிருமி ஏறும். ஆண்பிள்ளைக்கு முன்தோலைப் பின்தள்ளித் துடைக்க முயலாதீர்கள். துடைத்த பின் காய்ந்த துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

தொழும் தாய்மார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈரத்துணியாலோ ஈரத்தாளாலோ துடைப்பது அழுக்கைப் போக்கும். ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸ் நீங்க அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும், இரண்டு வயதாகாத ஆண்பிள்ளையின் சிறுநீருக்குத்தான், பட்ட இடம் முழுவதும் நனையத் தண்ணீர் தெளித்தால் போதும் என்ற சலுகை. பாவித்த துண்டுகளைத் துவைக்கும்போதும் மலத்தை முதலில் அகற்றி, துணியின் மேல் தண்ணீரை ஊற்றுங்கள். அழுக்கோடு வாளித் தண்ணீரில் போட்டால் வாளியே நஜீஸ்தான். பிறகு சவர்க்காரம் போட்டு, சுடுதண்ணீரில் அலசுங்கள்.

நம் பக்கத்தில் பெரிய தொல்லை காயப்போடுவதுதான். ஒக்டோபர், நவம்பர் மழையில் அக்குறணையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் சில்லென்றே இருக்கும். அடுப்பங்கரையில் போட்டால் புகை பிடிக்கும். துண்டு சிறிது என்பதால் அயன் பண்ணி உலர்த்துவது இலேசு. சூடு கிருமிக்கும் ஆகாது. முழுதாய்க் காயாமல் அடுக்கி வைக்காதீர்கள்.

பஸ்ஸில் கொழும்புக்குப் போவதானால் 10 காய்ந்த துண்டு, அன்றே கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு சிறு போத்தல், பாவித்ததைப் போட்டுக் கட்ட இரண்டு பிளாஸ்டிக் பை போதும். கடைத் தாளைக் கொண்டுபோனாலும் மலசலகூடத்தில் போட்டு ஃபிளஷ் பண்ணாதீர்கள். பலவற்றில் பிளாஸ்டிக் இழை கலந்திருப்பதால் கரையாது, குழாயை அடைக்கும்.

துடையிடுக்கில் சிவந்து, சுற்றிலும் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், அல்லது மூன்று நாளாகியும் சிவப்பு ஆறாவிட்டால், அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடமோ கிளினிக்கிலோ காட்டுங்கள்.