வெம்பிளிக்கு அழுதவர்கள்

"ஃபுட்பாலுக்குச் சாதி கிடையாது தோழர், அதுலயும் அரசியலக் கொண்டு வராதீங்க." உலகக் கோப்பை வந்தால் இந்தப் பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. நானும் விசிறிதான். ராத்திரி மூணு மணி வரைக்கும் கண் எரிய உட்கார்ந்து பார்க்கிறவன். பிரேசில் தோற்றால் மறுநாள் சோறு இறங்காது. அந்த உரிமையில் சொல்கிறேன்: விசிறியின் அன்பைப் போல நம்பக் கூடாதது வேறெதுவும் இல்லை.

பிரேசில் என்றதும் கறுப்பு, சேரி, சம்பா என்று நம்மாட்கள் பரவசப்படுகிறார்கள். அங்கே இந்த ஆட்டம் முதலில் துரைமார் கிளப்புகளின் சொத்து. 1923-இல் வாஸ்கோ ட காமா என்ற கிளப் ரியோ நகரப் பட்டத்தை ஜெயித்தது. அதன் அணியில் கறுப்பர்கள், கலப்பினத்தார், உழைத்துப் பிழைக்கும் ஏழை வெள்ளையர்கள். பெரிய கிளப்புகளுக்கு வயிறு எரிந்தது. 1924-இல் தனி லீக் கட்டி, உள்ளே வரணும்னா பன்னிரண்டு பேரைக் கழற்றிவிட்டு வா என்றார்கள். 'கறுப்பனை விலக்கு' என்று சொல்லவில்லை. படிப்பு, தொழில், அந்தஸ்து என்று நாகரிகமாகப் பேசினார்கள். இந்த பாஷை நமக்குப் புதுசா என்ன? மண்டலை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் பாடிய தகுதி–திறமைப் பாட்டுதானே! வாஸ்கோ மறுத்துக் கடிதம் எழுதியது: அவர்களை விலக்க மாட்டோம், உங்கள் லீக்கும் எங்களுக்கு வேண்டாம்.

1950 ஜூலை 16, மரக்கானா மைதானம். டிரா செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. உருகுவே 2–1 என ஜெயித்தது. பழி யார் தலையில் விழுந்தது? கோல்கீப்பர் பார்போசா, தடுப்பாட்டக்காரர்கள் பிகோடே, ஜுவெனால். மூவரும் கறுப்பர்கள். பதினொரு பேர் தோற்ற ஆட்டத்துக்கு மூன்று பேர் குற்றவாளிகள்! இத்தனைக்கும் ஜெயித்த உருகுவே அணியின் கேப்டன் ஒப்துலியோ வரேலாவும் கறுப்பு வம்சாவளிதான். பார்போசாவை விடவே இல்லை. 1993-இல், எழுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் பிரேசில் அணியைப் பார்க்கப் போனபோது, ராசியில்லாதவர் என்று உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். எதிரே வந்தாலே தீட்டு! 2000-இல் சாகும்வரை அந்த ஒரு கோலைச் சுமந்துதான் வாழ்ந்தார்.

அது பழங்கதை என்பீர்கள். 2021 ஜூலை 11, வெம்பிளி. ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், இத்தாலியும் இங்கிலாந்தும். பெனால்டியில் ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, பத்தொன்பது வயதுப் பையன் புகாயோ சாகா, மூவரும் தவறவிட்டார்கள். அன்று ராத்திரியே குரங்குப் படங்களும் இனவெறி வசவுகளும் அவர்கள் பக்கங்களில் கொட்டின. ஆட்டத்துக்கு முன் அந்த அணி இனவெறிக்கு எதிராக மண்டியிட்டபோதெல்லாம் சொந்த விசிறிகளிலேயே ஒரு கூட்டம் ஊளையிட்டது. அன்றைய உள்துறை அமைச்சர் பிரீத்தி படேல், மண்டியிடுவதை வெறும் சைகை அரசியல் என்று ஒதுக்கினார். குஜராத்தி வம்சாவளி அம்மையார், நிறவெறியை அறியாதவரா?

நம்ம ஊர் விசிறிகள் சாகாவுக்காக உருகினார்கள். 'நாங்க உன்னோட இருக்கோம்' என்று படம் போட்டார்கள். நியாயம்தான், நானும்தான் உருகினேன்.

சரியாக இருபத்து நாலு நாள் கழித்து, ஆகஸ்ட் 4. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஹரித்வார் பக்கம் ரோஷ்னாபாத்தில், வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் ஆதிக்க சாதி ஆட்கள் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகம், அதனால்தான் தோற்றது என்று அந்தக் குடும்பத்தின் முகத்துக்கு நேரே ஏசினார்கள். நாலு நாள் முன்னால்தான் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அவர் ஹாட்ரிக் அடித்திருந்தார். ஒலிம்பிக்கில் எந்த இந்தியப் பெண்ணும் அதற்குமுன் செய்யாதது. அந்த ஹாட்ரிக் இல்லாவிட்டால் அரையிறுதியே கிடையாது.

வெம்பிளிக்கு அழுதவர்களில் எத்தனை பேர் ரோஷ்னாபாத்துக்கு வாயைத் திறந்தார்கள்? எனக்குத் தெரிந்த வட்டத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். ஒருவர் சொன்னார்: "அது ஏதோ லோக்கல் தகராறு போலருக்கு தோழர்." லண்டன் அவருக்குப் பக்கத்து ஊர், ஹரித்வார்தான் தூரம்! கறுப்பனுக்காக அழுவது செலவில்லாத காரியம். அவன் வந்து உன் டீக்கடை பெஞ்சில் உட்காரப் போவதில்லை, உன் வீட்டில் பெண் கேட்கப் போவதில்லை. எங்க பக்கத்துல ஊர்த்தெரு பசங்க நெய்மாருக்கு ஃபிளெக்ஸ் வைக்கிறாங்க. அதே பசங்க, ஊர்ப் பொது மைதானத்தில் சேரிப் பிள்ளைகள் பந்தோடு இறங்கினா, "வேற எடம் பாருங்கடா"ன்னு விரட்டுறாங்க. மைதானம் புறம்போக்கு, பட்டாகூடக் கிடையாது. நெய்மார் அந்தச் சேரியில் பிறந்திருந்தால் அவர் பந்து எந்தத் தெருவோடு நின்றிருக்கும்?

தோழர்களே, ஆட்டத்தைப் பாருங்கள், பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மன்றம் வைத்து நெய்மார் படத்தை மாட்டுகிறவனிடம் பக்கத்தில் வந்தனா கட்டாரியா படத்தையும் மாட்டச் சொல்லிப் பாருங்கள். அப்போது அவன் முகம் போகிற போக்கைக் கவனியுங்கள்.

வந்தனா அந்த ஏச்சுக்கு இரண்டே நாள் கழித்து, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனுக்கு எதிராக மறுபடி ஒரு கோல் அடித்தார். இங்கே அவர் குடும்பம் போலீசில் புகார் கொடுத்திருந்தது. வழக்குப் பதிவானது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில். தவறாகப் பயன்படுத்துகிறார்கள், நீக்குங்கள் என்று சாதி இந்துக்கள் கூப்பாடு போடுகிற அதே சட்டம்.