வாலிபர் கையில் குடும்ப வண்டி

நமது சங்க அங்கத்தினர்களின் இல்லங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத இல்லம் இன்று அரிது. நெசவாளர் பாவு நூல் வாங்கி வருவதும், நெய்த சேலையைச் சங்கத்தில் ஒப்படைப்பதும் அதில்தான். கீரமங்கலத்துப் பூவும் வடகாட்டுப் பலாவும் தோட்டத்திலிருந்து சந்தைக்குச் செல்வதும் பல வேளைகளில் அதில்தான். சற்று வசதி பெற்ற குடும்பங்களில் காரோ சிறு சரக்கு வண்டியோ சேர்ந்திருக்கிறது. வண்டி தகப்பனார் பெயரில் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் பாலிசியும் அவர் பெயரிலேயே இருக்கிறது, ஓட்டுவதோ பிள்ளை. இந்த ஏற்பாட்டில் எதற்குப் பாதுகாப்பு உண்டு, எதற்கு இல்லை என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஐயமற அறிந்திருக்க வேண்டும் என்பது நமது கருத்து.

இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் குடும்பப் பாலிசியில் வாலிபர் ஒருவரின் பெயரைச் சேர்த்தால் பிரீமியம் வெகுவாக உயர்ந்துவிடும். வயது குறைந்தவர் விபத்துக்கு உள்ளாவது அதிகம் என்று கம்பெனிகள் கணக்கிடுவதே காரணம். நமது தேசத்தில் முறை வேறு. பிறருக்கு நேரும் தீங்குக்கான மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. அது எஞ்சினின் அளவைப் பொறுத்ததேயன்றி, ஓட்டுபவரின் வயதைப் பொறுத்ததன்று. 2022 ஜூனில் அமலுக்கு வந்த விகிதப்படி, 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள இரு சக்கர வண்டிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய், 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு 3416 ரூபாய். அறுபது வயதுப் பெரியவரும் பதினெட்டு வயது வாலிபரும் ஒரே தொகையைச் செலுத்துகிறார்கள். வாலிபரின் அபாயத்தை எல்லோருமாகச் சேர்ந்து சுமக்கிறோம் என்பதே இதன் பொருள். கூட்டுறவில் நம்பிக்கையுள்ள நமக்கு இது உகந்த ஏற்பாடே. ஆனால் பிறர் தோளில் சுமை ஏற்றுகிறவர் அச்சுமை பெருகாமல் பார்த்துக்கொள்ளவும் கடமைப்பட்டவர் அல்லவா?

மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் நமது நாட்டில் 1946 ஜூலை முதலே கட்டாயமாக இருந்து வருகிறது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டமும் அதனை வலியுறுத்துகிறது. இன்ஷூரன்ஸ் இன்றி வண்டி ஓட்டினால் முதல் முறை 2000 ரூபாயும், மறுமுறை 4000 ரூபாயும் அபராதம். மூன்று மாதம் வரை சிறைவாசமும் விதிக்கலாம். 2018 செப்டம்பர் முதல், புதிய காருக்கு மூன்று ஆண்டுகளுக்கும், புதிய இரு சக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் இதனைச் சேர்த்தே வாங்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. இது நல்ல உத்தரவு. எனினும் ஐந்தாண்டு கழிந்த பின் பாலிசியைப் புதுப்பிக்க நினைவூட்டுவார் எவரும் இல்லை. வண்டி வாங்கிய நாளில் எழுதிய காகிதம் இன்னும் செல்லும் என்று நம்பி இருந்துவிடுவது அபாயகரமானது.

இனி வயது விஷயத்தைக் கவனிப்போம். பதினெட்டு வயது நிரம்பாதவர் மோட்டார் வாகனம் ஓட்டலாகாது. பதினாறு வயது நிரம்பியவர் லைசென்ஸ் பெற்று 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டியை மட்டும் ஓட்டலாம். கிராமங்களில் ‘டி.வி.எஸ். ஐம்பது’ என்ற பழைய பெயர் இன்னும் வழங்குகிறது. அப்பெயரை நம்பி, பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் வண்டியைக் கொடுப்பவர் பலர். ஆனால் இப்போது வயல் வரப்புகளிலெல்லாம் காணப்படும் எக்ஸ்.எல். 100 வண்டியின் எஞ்சின் 99.7 சி.சி. ஆகும். பெயர் பழகியதாயிருக்கலாம், சட்டத்தின் சலுகை அதற்கு இல்லை.

2019ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் இவ்விஷயத்தில் மிகக் கடுமையானது. மைனர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், அது தகப்பனாரின் அல்லது வண்டிச் சொந்தக்காரரின் சம்மதத்துடன் நடந்ததாகவே கோர்ட்டு அனுமானிக்கும். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க முயன்றதாகவோ அவரே நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிடில் 25,000 ரூபாய் அபராதமும், மூன்று ஆண்டு வரை சிறைவாசமும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். அப்பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை பழகுநர் லைசென்ஸ்கூடக் கிடைக்காது. ஓட்டுநர் வேலையில் பிழைக்க எண்ணும் ஒரு வாலிபனுக்கு இது எத்தகைய தண்டனை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அபராதத்தைவிடப் பெரியது நஷ்ட ஈடு. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி ஒருவர் இறந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு என்ன என்பதை, ஸ்வரண் சிங் வழக்கில் 2004ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு ஆராய்ந்தது. சொந்தக்காரர் அறிந்தே நிபந்தனையை மீறினார் என்று கம்பெனி நிரூபித்தாலும், இறந்தவர் குடும்பத்துக்கு முதலில் அதனைச் செலுத்தச் செய்து, பின்னர் சொந்தக்காரரிடம் அத்தொகையை வசூலித்துக்கொள்ள அனுமதிக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. இறந்தவர் குடும்பம் அநாதையாகாமல் காக்கும் நியாயமான வழி இது. ஆனால் கம்பெனி வசூலிக்க வரும்போது அதற்குக் கிடைப்பது எது? நிலமும், தென்னந்தோப்பும், தறி நிற்கும் வீடுமே. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் ஓர் இரவில் நமது தென்னைகளைச் சாய்த்தது. அரசாங்கம் நிவாரணம் அளித்தது. நாமே சாவியைக் கொடுத்து வரவழைத்துக்கொள்ளும் நஷ்டத்துக்கு எந்த அரசாங்கமும் நிவாரணம் அளிக்காது.

லைசென்ஸ் உள்ள பிள்ளையாயின் கவலை இல்லை என்று எண்ணுவோர் உண்டு. பிறருக்கு நேரும் தீங்கைப் பொறுத்தவரை அது சரியே; தகப்பனாரின் பாலிசி பிள்ளை ஓட்டும்போதும் செல்லும். ஆனால் பிள்ளைக்கே தீங்கு நேர்ந்தால்? பாலிசியுடன் கட்டாயமாகச் சேர்ந்த சொந்த விபத்து இன்ஷூரன்ஸ், சென்னை ஹைகோர்ட்டின் 2017ஆம் ஆண்டு உத்தரவை அடுத்து, 2018இல் 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் அது லைசென்ஸ் உள்ள சொந்தக்காரருக்கு மட்டுமே உரியது. அவர் மகனுக்கு அதில் பாத்தியதை இல்லை. நிங்கம்மா வழக்கில் ஒருவர் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் சென்று மாட்டு வண்டியில் மோதி இறந்தார். இரவல் வாங்கி ஓட்டியவர் சொந்தக்காரரின் ஸ்தானத்தில் நிற்கிறார் என்றும், யார் தவறு என்று பாராமல் நஷ்ட ஈடு வழங்கும் பிரிவின்கீழ் அவர் வாரிசுகள் அவ்வண்டியின் பாலிசியிலிருந்து கோர முடியாது என்றும் 2009இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. எதிரே வந்த வண்டியின் தவறாயின் அவ்வண்டியின் இன்ஷூரன்ஸிலிருந்து கோரலாம். அவ்வாறு இல்லையேல் வழியில்லை. பின்னால் அமர்ந்து செல்லும் தாய்க்கோ மனைவிக்கோ மூன்றாம் நபர் பாலிசி மட்டும் போதாது என்பதை 2006ஆம் ஆண்டுத் திலக் சிங் வழக்கின் தீர்ப்பு காட்டுகிறது.

ஆகவே அங்கத்தினர்களுக்கு நாம் கூறும் யோசனைகள் இவை. வண்டியை நாள்தோறும் ஓட்டுபவர் பிள்ளையானால், வயது வந்த அப்பிள்ளையின் பெயருக்கே வண்டியையும் பாலிசியையும் மாற்றிவிடுவது உத்தமம். 15 லட்ச ரூபாய்ப் பாதுகாப்பு அப்போதுதான் அவனைச் சேரும். மாற்ற இயலாவிடில், வண்டியில் செல்வோருக்கும் பாதுகாப்பளிக்கும் முழுப் பாலிசியைக் கேட்டு வாங்குக. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ளோர் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திச் சேரலாம். விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். பாங்கிக் கணக்கோ தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கோ இருந்தால் போதும். ஒரு கட்டுப் பூவின் விலையும் ஆகாத இச்செலவைத் தவிர்ப்பது சிக்கனமாகாது.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. நமது கிராமக் குடும்பங்களில் வண்டி ஒருவருடையதன்று, குடும்பத்தினுடையது. எனவே கட்டாய விபத்துப் பாதுகாப்பும், லைசென்ஸ் உள்ள குடும்பத்தினர் யார் ஓட்டினாலும் செல்லும்படி விரிவாக்கப்பட வேண்டும். பிரீமியம் உயரும் என்று ஆட்சேபிக்கலாம். சிறிது உயரத்தான் செய்யும். ஆனால் எல்லோரிடமும் பெறும் சிறு தொகையால் சிலரின் பெரு நஷ்டத்தைத் தாங்குவதற்காகவே இன்ஷூரன்ஸ் ஏற்பட்டது. வண்டியின் சொந்தக்காரரை மட்டும் காத்து, அதை ஓட்டும் பிள்ளையைக் கைவிடும் பாதுகாப்பு அரைகுறையானதே.

சட்டம் திருந்தும் வரை நமது சங்கங்கள் வாளாவிருக்க வேண்டியதில்லை. அங்கத்தினர் வண்டிகளின் பாலிசி முடியும் தேதிகளை ஒரு பதிவேட்டில் குறித்து, ஒரு மாதம் முன்னதாக நினைவூட்டலாம். வண்டிக்குக் கடன் கொடுக்கும்போது, ஓட்டப்போகிறவர் யார், அவருக்கு லைசென்ஸ் உண்டா என்று விசாரிக்கலாம். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் சற்று அக்கறையும் போதும். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் பாலிசிக் காகிதத்தைக் கையோடு எடுத்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.